பந்தியிலும் பாட்டிலும் பிழைத்த ஹவாய் மொழி

உணவும் இசையும் ஓர் இனத்தின் அடையாளத்தை எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்ற இன்றைய தலைப்பில் என் பங்குக்கு வந்த ஊர் ஹவாய்.

1881ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஓர் அரசர் வந்து இறங்கினார். அவர் பெயர் டேவிட் கலாகாவுவா. பசிபிக் பெருங்கடலின் நடுவில் கிடக்கும் ஹவாய்த் தீவுகளின் மன்னர். உலகைச் சுற்றி வந்த முதல் மன்னர் என்று வரலாற்றில் இடம் பெற்றவர். சிங்கப்பூரிலிருந்து நீரிணையைக் கடந்து ஜொகூர் சென்ற அவரை மகாராஜா அபு பக்கார் விருந்தினராக வரவேற்றார். உடன் வந்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் பிற்காலத்தில் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். தங்கள் இரு மொழிகளுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி மன்னர்கள் இருவரும் பேசிக்கொண்ட செய்தி அதில் வருகிறது.

நமக்குத்தான் மலாய் தெரியுமே, நாமே ஒப்பிட்டுப் பார்ப்போம். ஐந்துக்கு மலாயில் லீமா. ஹவாய் மொழியிலும் லீமா. இரண்டுக்கு நாம் டுவா என்போம். அவர்கள் லுவா என்பார்கள். கண்ணுக்கு இங்கே மாத்தா, அங்கே மாகா. நெருப்பு இங்கே ஆப்பி, அங்கே ஆஹி. வானம் இங்கே லாங்கிட், அங்கே லானி. பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் தீவில் நம் பக்கத்து வீட்டு மொழியின் உறவு வாழ்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த மன்னரின் அரசு கவிழ்ந்து, நாடு அமெரிக்காவுக்குப் போய், மொழி பள்ளியிலிருந்து விரட்டப்பட்டது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1980களின் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தபோது, அம்மொழியைச் சரளமாகப் பேசும் பிள்ளைகள் 50 பேர்கூட இல்லை என்று கணித்தார்கள். பள்ளியும் அரசும் கைவிட்ட மொழி அதற்கிடையில் எங்கே ஒளிந்து கிடந்தது? இதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கிழங்குக்குத் தம்பி

முதலில் சாப்பாடு. ஹவாய் உணவு என்றதும் அன்னாசித் துண்டு போட்ட பீட்சாவை நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பீட்சா 1962-ல் கனடாவில் சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கக் குடியேறி தம் உணவகத்தில் செய்து பார்த்தது. அன்னாசியும் ஹவாய்க்குச் சொந்தமில்லை. தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர்.

கி.பி. 1000-க்கும் 1200-க்கும் இடைப்பட்ட காலத்தில் பாலினேசியர்கள் இரட்டைத் தோணிகளில் நட்சத்திரங்களையும் அலைகளையும் பார்த்துக் கடல் கடந்து இத்தீவுகளுக்கு வந்தார்கள். வரும்போதே தோட்டத்தையும் கொண்டு வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். வாழை, தென்னை, கரும்பு, நாம் சுக்குன் என்று சொல்லும் கறிப்பலா, நம் சமையலில் அரைத்துச் சேர்க்கும் புவா கெராஸ், கூடவே மஞ்சள்! மஞ்சளுக்கு அவர்கள் மொழியில் ஓலேனா என்று பெயர். பன்றி, கோழி, நாய் ஆகியவையும் அதே தோணியில் வந்தன.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலானது காலோ. நாம் சேப்பங்கிழங்கு என்றும் கெலாடி என்றும் சந்தையில் கேட்டு வாங்கும் கிழங்கு இனம்தான். காலோவை அவித்து, உரித்து, மரப்பலகையில் வைத்துக் கல்லால் இடித்துப் பிசைந்து, தண்ணீர் விட்டுக் கூழாக்கினால் அதுதான் பொய். (நம் தமிழ்ச் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) இரண்டு நாள் வைத்தால் புளிக்கும். தோசை மாவு புளிப்பதும் இதே வகை நுண்ணுயிர்களின் வேலைதான். கையால் எடுத்துச் சாப்பிடுவதால், அதன் பதத்துக்கு ஏற்ப ஒரு விரல் பொய், இரண்டு விரல் பொய் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விளம்பரப் படத்துக்காக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முகம் சுளிக்கும் சுற்றுப்பயணிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நீராகாரம் குடித்து வளர்ந்த நம் பெரியவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

இந்தக் கிழங்கு அவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? அவர்களின் தொன்மக் கதை இப்படிச் சொல்கிறது. வானத் தந்தையாகிய வாகேயாவுக்குப் பிறந்த முதல் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. அதை வீட்டருகே புதைத்தார்கள். புதைத்த இடத்தில் முளைத்ததுதான் காலோ. அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அண்ணனின் பெயரையே வைத்து ஹாலோவா என்று அழைத்தார்கள். அந்தத் தம்பியின் வழியில் வந்தவர்கள்தாம் ஹவாய் மக்கள். ஆகவே கிழங்கு அண்ணன், மனிதன் தம்பி. அண்ணன் சோறு போடுவார். தம்பி அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொய் நிறைந்த பாத்திரம் பந்தியில் திறந்திருக்கும்போது சண்டை சச்சரவு கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். மூத்தவர் முன்னிலையில் வாய்ச் சண்டை போடலாமா?

2002-ல் வந்த டிஸ்னியின் 'லீலோ அண்ட் ஸ்டிட்ச்' கார்ட்டூன் படத்தால் ஒஹானா என்ற சொல் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். குடும்பம் என்று பொருள். அந்தச் சொல்லின் வேர் 'ஒஹா'. தாய்க் கிழங்கின் பக்கத்தில் வெடித்து வரும் பக்கக் கிழங்குக்கு அப்பெயர். காலோ ஓடும் தண்ணீரில் விளைவது. மலையிலிருந்து வரும் ஓடையைத் திருப்பிப் பாத்தி பாத்தியாக இறக்கி, கடைசிப் பாத்தியிலிருந்து மறுபடி ஓடைக்கே விடுவார்கள். தண்ணீருக்கு வாய் என்று பெயர், செல்வத்துக்கு வாய்வாய். சமையலறைச் சொல் ஒன்றைப் பிடித்து இழுத்தால் ஒரு நாகரிகமே கூட வருகிறது.

ஒரு வேளைச் சாப்பாடு கவிழ்த்த மதம்

பழங்கால ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது. 'காப்பு' என்ற விலக்கு முறை அது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள், சில மீன்கள் ஆகியவை பெண்களுக்கு விலக்கு. மீறினால் மரண தண்டனையும் உண்டு. ஆனால் சமைப்பது ஆண்கள்! மனைவிக்கு ஓர் அடுப்பு, தனக்கு ஓர் அடுப்பு என்று இரண்டு மண்குழி அடுப்பு மூட்ட வேண்டியது கணவனின் கடமை. நம் வீட்டுப் பெண்கள் இந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

தீவுகளை ஒன்றாக்கிய மாமன்னர் கமேஹமேஹா 1819-ல் இறந்தார். அவருடைய மனைவி காஆஹுமானு அரசியல் அறிந்தவர், துணிச்சல்காரி. அவரும், இளைய மன்னரின் தாயான கேஓபுவோலானியும் சேர்ந்து பழைய விலக்கை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் கைலுவாவில் ஒரு விருந்து. ஆண்களுக்கு ஒரு பந்தி, பெண்களுக்கு ஒரு பந்தி. இளைய மன்னர் லிஹோலிஹோ எழுந்து இரு பந்தியையும் சுற்றி வந்து, பெண்கள் பக்கம் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். அவ்வளவுதான். கோயில்களை இடிக்கவும் தெய்வச் சிலைகளை எரிக்கவும் ஆணை பறந்தது. எதிர்த்தவர்கள் போரில் தோற்றார்கள். அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவ சமயப் பரப்பாளர்கள் வந்து இறங்கியது அதற்குப் பிறகு, 1820-ல். அவர்கள் வந்துதான் பழைய சமயத்தை ஒழித்தார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அதை முதலில் கவிழ்த்தது சாப்பாட்டு மேசை.

அந்தப் பரப்பாளர்கள் ஹவாய் மொழிக்கு எழுத்து வகுத்தார்கள், 1822-ல் அச்சு இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினார்கள். 1834-ல் முதல் செய்தித்தாள் வந்தது. குறுகிய காலத்தில் பெரும்பாலான மக்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். இந்த நன்மையை மறுக்க முடியாது. அதே பரப்பாளர்களின் தாக்கத்தில்தான் ஹுலா நடனம் ஆபாசம் என்று பெயர் வாங்கியது. மதம் மாறிய காஆஹுமானு 1830-ல் பொதுவிடத்தில் ஹுலா ஆடுவதைத் தடை செய்தார். பிற்காலத்தில் உரிமம் வாங்கினால்தான் ஆடலாம் என்று சட்டமே வந்தது.

ஹுலாவை இடுப்பாட்டம் என்று நினைத்தால் அது விடுமுறை விளம்பரத்தின் வெற்றி. ஹுலாவில் முதலிடம் பாட்டுக்கு. பாட்டின் சொல்லைக் கை காட்டும், கால் தாளம் காட்டும். எழுத்து வருவதற்கு முன் மன்னர் பரம்பரை, கடல் வழி, மழையின் பெயர்கள், காதல், போர் எல்லாமே மனப்பாடமாகப் பாட்டில் இருந்தன. சொல் தெரியாமல் கை அசைக்க முடியாது. நம் பரதநாட்டியத்தில் அபிநயம் பிடிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே தடை விழுந்தது ஆட்டத்தின் மீது மட்டுமல்ல. ஒரு நினைவுக் களஞ்சியத்தின் மீதும்தான். கிராமங்களில் ஆசான்கள் மறைவாகச் சொல்லிக் கொடுத்ததால் அது தப்பியது.

அதை மறுபடி அரண்மனைக்குக் கொண்டு வந்தவர் நம் ஜொகூர் விருந்தாளி கலாகாவுவாதான். 1883 பிப்ரவரியில் தம் முடிசூட்டு விழாவில் ஹுலா ஆட வைத்தார். அந்த நிகழ்ச்சி நிரலை அச்சடித்தவர்கள் மீது ஆபாச வழக்கே போட்டார்கள்! நிகழ்ச்சி நிரல் தயாரித்துப் பிழைப்பு நடத்தும் எனக்கு இதைப் படித்தபோது லேசாக வியர்த்தது.

இரும்புத் துண்டும் நான்கு கம்பியும்

இனி இசை. இங்கேதான் கரும்புத் தோட்டம் கதைக்குள் வருகிறது.

1835-ல் காவாய்த் தீவின் கோலோவாவில் பெரிய அளவில் கரும்பு பயிரிடத் தொடங்கினார்கள். 1848-ல் நிலம் பங்கு போடப்பட்டபோது சாதாரண மக்கள் கையில் வந்தது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1876 முதல் ஹவாய்ச் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குப் போகலாம் என்று ஆனதும் கரும்பு காடாக வளர்ந்தது. வேலைக்கு ஆள் வேண்டும். உள்நாட்டு மக்களோ வெளியிலிருந்து வந்த அம்மை, சின்னம்மை, காய்ச்சல்களால் செத்து மடிந்துகொண்டிருந்தார்கள். கேப்டன் குக் வந்த 1778-ல் குறைந்தது மூன்று லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். 1890களில் எஞ்சியது ஏறக்குறைய 40,000 பேர். கலாகாவுவாவின் உலகப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்றே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடுவதுதான். உடன் சென்ற ஆம்ஸ்ட்ராங் குடியேற்றத்துக்குப் பொறுப்பானவர். சீனர், போர்த்துகீசியர், ஜப்பானியர், கொரியர், பிலிப்பினோக்கள் என்று வரிசையாக வந்தார்கள். கழுத்தில் எண் பொறித்த தகடு, குதிரை மேல் 'லூனா' என்ற மேற்பார்வையாளர். பால்மரக்காட்டில் மண்டோரைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

1879 ஆகஸ்ட் 23-ல் 'ரேவன்ஸ்கிரேக்' என்ற கப்பல் மடைராத் தீவிலிருந்து போர்த்துகீசியத் தொழிலாளர்களை ஹொனலுலுவில் இறக்கியது. அதில் மூன்று தச்சர்கள்: மானுவல் நுனேஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, அகஸ்டோ டியாஸ். நான்கு கம்பி வைத்த சிறு கிட்டார் செய்யத் தெரிந்தவர்கள். தோட்ட வேலை முடிந்ததும் நகரத்தில் கடை போட்டார்கள். உள்ளூர் மரத்தில் அவர்கள் செய்த அந்தக் குட்டி வாத்தியம்தான் உக்குலேலே. உக்கு என்றால் தெள்ளுப்பூச்சி, லேலே என்றால் குதித்தல். விரல்கள் கம்பியில் தெள்ளுப்பூச்சியாகக் குதிப்பதால் இந்தப் பெயர் என்பது பரவலான விளக்கம். ராணி லிலியுவோகலானி இதை ஏற்கவில்லை. இங்கு வந்து சேர்ந்த பரிசு என்றே அவர் பொருள் சொன்னார். நம் குரோன்சோங் இசையில் வரும் சிறு கிட்டாரும் போர்த்துகீசிய வழியில் வந்த உறவுக்காரர்தான்.

அதற்கும் முன்னால், 1830களில், மாடு மேய்க்கக் கற்றுக் கொடுக்க வந்த மெக்சிகோக்காரர்கள் பெரிய கிட்டாரை விட்டுப் போயிருந்தார்கள். ஹவாய்க்காரர்கள் அதன் கம்பிகளைத் தளர்த்தித் தங்கள் காதுக்கு ஏற்ற சுதியில் கட்டினார்கள். பிறகு, 1889 வாக்கில், லாயியே கிராமத்துப் பள்ளி மாணவன் ஜோசப் கெகூகூ இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பியின் மேல் வழுக்கிப் பார்த்தான். குரல் போலவே வளைந்து குழையும் ஒலி வந்தது. அதுதான் ஸ்டீல் கிட்டார். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் இந்த இசையைக் கேட்ட அமெரிக்கா மயங்கிப் போனது. அமெரிக்க நாட்டுப்புற இசையின் அழுகைக் கிட்டார் இதிலிருந்து வந்தது.

இந்த ஒலி நம் காதுக்கும் வந்து சேர்ந்தது. லாயியேயில் வளர்ந்த டாவ் மோய் என்ற கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். ஹவாயன் கிட்டார் இந்தியத் திரைப்பாடல்களில் புகுந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். விஸ்வ மோகன் பட் தம் மோகன வீணைக்காக 1994-ல் கிராமி விருது வாங்கினார். பழைய பாட்டில் கமகம் வைத்துக் குழையும் கிட்டார் ஒலி கேட்டால், கெகூகூ என்ற அந்தப் பள்ளி மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்லைத் தின்னும் பாட்டு

1893 ஜனவரி 17. சர்க்கரை முதலாளிகளும் அவர்களின் வழக்கறிஞர்களும் சேர்ந்து ராணி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய வீரர்கள் அரண்மனை அருகே நின்றார்கள். ராணி, இரத்தம் சிந்தக் கூடாது என்று எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே இறங்கினார்.

புதிய அரசு, அரண்மனை இசைக்குழுவினரிடம் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டது. பெரும்பாலோர் மறுத்தார்கள். "கையெழுத்துப் போடாவிட்டால் சம்பளம் இல்லை, கல்லைத்தான் தின்ன வேண்டும்" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதாம். வேலையை விட்டு வந்த இசைக் கலைஞர்கள் ராணியின் தோழியான எலன் பிரெண்டர்காஸ்ட் அம்மையாரிடம் போய்த் தங்களுக்காக ஒரு பாட்டு எழுதித் தரக் கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'கவ்லானா நா புவா'. மலர்களின் புகழைச் சொல்லும் தலைப்பு. மலர்கள் என்றால் மண்ணின் பிள்ளைகள். மக்கள் அதற்கு வைத்த இன்னொரு பெயர் 'கல்லைத் தின்னும் பாட்டு'. மெட்டு துள்ளலானது. சொல் புரியாதவன் இனிமையான தீவுப் பாட்டு என்று தலையாட்டிக்கொண்டு போவான். எதிர்ப்பை எங்கே ஒளித்து வைத்தார்கள் பாருங்கள்!

1897-ல் அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்து 21,000-க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். மொத்தமே 40,000 பேர் இருந்த இனத்தில்! இருந்தும் 1898-ல் இணைத்துவிட்டார்கள். அந்த மனு வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. 1996-ல் நோவேநோவே சில்வா என்ற ஆய்வாளர் அதை வெளிக்கொணர்ந்தார். தங்கள் பாட்டன் பாட்டிகள் வாய்மூடி இருந்ததாக நினைத்திருந்த குடும்பங்கள், அவர்களின் கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தன.

1896-ல் வந்தது பள்ளிச் சட்டம். எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்று மொழி. நியாயமாகச் சொன்னால், ஆங்கிலம் சோறு போடும் என்று பெற்றோர் பலர் அதற்கு முன்பே பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். சட்டம் எஞ்சியிருந்த கதவையும் சாத்தியது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அடி வாங்கிய பிள்ளைகள் பெரியவர்களானதும் தங்கள் குழந்தைகளிடம் அம்மொழியைப் பேசவில்லை. இரண்டே தலைமுறை போதுமாக இருந்தது.

பிறகு வந்தது காட்சிப் பொருளாக்கும் காலம். 1935 முதல் 1975 வரை 'ஹவாய் கால்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சி வைக்கீகிக் கடற்கரையிலிருந்து உலகுக்கு ஒலிபரப்பானது. பாட்டுகளில் பல ஆங்கிலத்தில். 1937-ல் கோடாக் நிறுவனம் இலவச ஹுலா நிகழ்ச்சி தொடங்கியது. காரணம் என்ன தெரியுமா? ஹோட்டல்களில் ஹுலா இரவில் நடந்தது. அந்தக் காலக் கேமராவில் இரவில் படம் விழாது. பகலில் ஆட வைத்தால் பிலிம் சுருள் விற்கும்! 2002 வரை அந்த நிகழ்ச்சி நடந்தது. தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது விளம்பர உத்திகளைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தேன். இப்படி ஓர் உத்தியை எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ஆட்டக்காரப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டே, வீட்டில் பழைய பாட்டைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

சாப்பாட்டிலும் கலப்பு வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் தூக்குச்சட்டியில் கீழே சோறு, மேலே ஜப்பானியக் குழம்போ கொரியன் ஊறுகாயோ இருக்கும். பகிர்ந்து சாப்பிட்டதில் இன்றைய 'பிளேட் லஞ்ச்' உருவானது: இரண்டு கரண்டி சோறு, மக்ரோனி சாலட், ஓர் இறைச்சி. இதையும் ஹவாய் உணவு என்றே சொல்கிறார்கள், சொல்லட்டும். காலோ விளைந்த பாத்திகள்தான் பரிதாபம். ஓடை நீரைக் கால்வாய் வெட்டிக் கரும்புக்குத் திருப்பியதால் அவை வறண்டன. நூற்றுக்கணக்கில் இருந்த காலோ வகைகளில் எஞ்சியவை சில பத்துகள்தான்.

வானொலிக்காரர் ஒருவர்

இனி நான் சொல்லப் போவது என் தொழிலோடு தொடர்புடையது என்பதால் கொஞ்சம் உற்சாகமாகச் சொல்வேன். 1972-ல் லாரி கிமுரா என்ற இளம் ஆசிரியர் ஹொனலுலு வானொலியில் 'கா லேயோ ஹவாய்' என்ற நிகழ்ச்சி தொடங்கினார். 'ஹவாயின் குரல்' என்று பொருள். ஜப்பானியத் தந்தைக்கும் ஹவாய்த் தாய்க்கும் பிறந்தவர். தாய்மொழியாக ஹவாய் பேசிய முதியவர்களை அழைத்து வந்து பேச வைப்பார். மீன் பிடித்தது எப்படி, காலோ இடித்தது எப்படி, பாட்டி வைத்தியம் என்ன, அந்தக் கிராமத்தில் பெய்யும் மழைக்கு என்ன பெயர். முழுக்க ஹவாய் மொழியில்தான். 1988 வரை நடந்த அந்த நிகழ்ச்சியின் நாடாக்கள் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். அதில் பேசிய முதியவர்கள் மறைந்துவிட்டார்கள். இன்று மொழி கற்கும் இளைஞர்கள் உச்சரிப்பை அவர்கள் குரலைக் கேட்டுத்தான் திருத்திக்கொள்கிறார்கள். ஒளியேறிய முகத்தைப் பற்றி மட்டுமே கவலைப்படும் எங்கள் துறையில், நாடாவைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நினைத்த ஒருவர் இருந்தார்.

அந்தக் காலம் மறுமலர்ச்சிக் காலம். 1971-ல் கலாகாவுவா நினைவாக ஹீலோ நகரில் நடக்கும் விழாவில் ஹுலாப் போட்டி தொடங்கியது. 1976-ல் 'ஹோக்குலேயா' என்ற தோணி பழைய முறையில், கருவி எதுவும் இல்லாமல், தாஹித்தித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1978-ல் ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு சேர்ந்து மாநிலத்தின் ஆட்சி மொழியானது. 1983-ல் கிமுராவும் நண்பர்களும், நியூசிலாந்து மாவோரி மக்களைப் பார்த்து, 'பூனானா லேயோ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குரல் கூடு என்று பொருள். மறு ஆண்டு முதல் பாலர் பள்ளி திறந்தது. காலை முதல் மாலை வரை ஹவாய் மொழி மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால் 1896ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது! அதை நீக்க 1986 வரை போராட வேண்டியிருந்தது. 1999-ல் அம்மொழியிலேயே படித்த முதல் மாணவர்கள் உயர்நிலைப் பள்ளியை முடித்து வெளியே வந்தார்கள். கணினிக்கு அவர்கள் சொல் 'லோலோவுயிலா'. மின்சார மூளை என்று பொருள்.

கிழங்கு அண்ணனும் மறக்கப்படவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகம் தான் ஒட்டு முறையில் உருவாக்கிய மூன்று காலோ வகைகளுக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. விவசாயிகளும் மாணவர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். சொந்த அண்ணனுக்கு யாராவது காப்புரிமை வாங்குவார்களா என்பது அவர்கள் வாதம். 2006-ல் பல்கலைக்கழகம் உரிமையைக் கைவிட்டது. கையால் இடித்த காலோவை விற்கச் சுகாதார விதிகள் தடையாக இருந்தன. 2011-ல் அதற்கும் சட்டத் திருத்தம் வந்தது. 2016 இறுதியில் மாவி தீவில் கடைசிக் கரும்பாலை மூடப்பட்டது. 2018-ல் கிழக்கு மாவியின் ஓடைகள் பலவற்றுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட மாநில நீர் ஆணையம் உத்தரவிட்டது.

கடைசியாக, நாளிதழுக்குச் சந்தா கட்டிப் படிக்கும் உங்களுக்காக ஒரு செய்தி. 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழியில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் வெளிவந்தன. மொத்தம் ஏறக்குறைய 1,25,000 பக்கங்கள். மரண அறிவிப்பு, கப்பல் செய்தி, அரசியல் சண்டை, வாசகர் கடிதம், தொடர்கதை, எல்லாம் அதில் உண்டு. தொன்மக் கதைகளையும் பாட்டுகளையும் வாசகர்களே எழுதி அனுப்பினார்கள். ஒருவர் எழுதியதில் பிழை இருந்தால் அடுத்த வாரம் இன்னொருவர் சண்டைக்கு வந்தார். நம் ஞாயிறு பதிப்பின் கடிதப் பகுதியைப் பார்ப்பது போல் இருக்கிறது அல்லவா? மங்கிய அந்தப் பக்கங்களைக் கணினியில் ஏற்ற 2011 நவம்பரில் தொண்டர்களை அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முன்வந்து வீட்டிலிருந்தே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். அவர்களில் பலருக்கு ஹவாய் மொழியே தெரியாது.

அந்தச் செய்தித்தாள்களில் ஒன்று 1861-ல் தொடங்கிய 'கா ஹோக்கு ஓ கா பாகிபிகா'. பசிபிக்கின் விண்மீன் என்று பொருள். மண்ணின் மைந்தர்கள் தாங்களே நடத்திய முதல் பத்திரிகை அதுதான். எரிமலைத் தெய்வம் பேலேயின் தங்கை ஹியியாகாவின் கதை அதில் தொடராக வந்தது. இன்றும் ஹுலா ஆசான்கள் மாணவர்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கும்போது அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள். அதன் ஆசிரியராக அன்று இருந்தவர் 25 வயது இளைஞர். அவர் பெயர் டேவிட் கலாகாவுவா.